பாறையின் ஒழுங்கீனம் குறித்து அத்தானுக்கு

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நானும் என் பதவியும் இந்த நிமிடம் வரை நலம். அங்கே நீங்களும் அக்காவும், முக்கியமாகத் தலைமை அலுவலகத்தில் உங்கள் செல்வாக்கும் நலமா என்று அறிய ஆவல்.

நீங்கள் வேலை வாங்கிக்கொடுத்த எண்ணெய்ப் பாறைத் திட்டத்தில் ஒரு சிறு சங்கடம். பூமிக்குள் நீராவியைச் செலுத்திப் பாறையைச் சூடாக்கினால் எண்ணெய் கசிந்து வரும் என்பது ஏற்பாடு. ஆனால் இந்தப் பாறைக்கு ஒழுங்கே கிடையாது, அத்தான். ஓர் அடுக்கு விரிசல் விட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழிவிடுகிறது. அடுத்த அடுக்கு நம் கணக்குப் பிரிவைப் போல எதையும் உள்ளே விடுவதில்லை. ஆழத்துக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தால், ஆய்வகத்து அம்மாள் துண்டுக்கு ஒரு முடிவு சொல்கிறார். மேலிடத்துக்கு எத்தனை முடிவுகளைத்தான் அனுப்புவது? எல்லாவற்றையும் இடித்துக் கலந்து, சராசரியாக ஒரே முடிவு தரச் சொன்னேன்.

“சார், இடிச்சா விரிசலும் போயிடும், இறுக்கமும் போயிடும். அப்புறம் எதை அளக்கிறது?” என்றார்.

“ஒத்துமையை அளங்க” என்றேன்.

இடித்த மாவில் ஊற்றிய எண்ணெய் தடையில்லாமல் கசிந்தது. அந்தத் தைரியத்தில் கொதிகலனைத் திறந்தோம். நீராவி விரிசல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் இருந்த இறுக்கமான அடுக்குகளை எட்டிக்கூடப் பார்க்காமல், நேராகத் திட்ட வளாகத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டின் குளியலறையில் வந்து நின்றது. தலையில் சோப்புடன் ஓடிவந்த என் மனைவி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதட்டினால் பாறை பணிந்துவிடும் என்று அழுத்தத்தைக் கூட்டினேன். நீராவி அதே வழியில் இன்னும் வேகமாக ஓடி, இப்போது உணவுக்கூடத்துத் தரையிலும் ஆவி பறக்கிறது. மற்ற அடுக்குகள் சில்லென்று கிடக்கின்றன. கிடைத்த எண்ணெய் ஒரு வாளி, அதிலும் பாதி கதவுக் கீல்களுக்குப் போய்விட்டது.

நாளை மறுநாள் விசாரணைக் குழு வருகிறது. பயமாக இருக்கிறது, அத்தான். இந்த வேலையும் போனால் பிள்ளைகளோடு உங்கள் வீட்டு மாடிக்குத்தான் வர வேண்டும். அக்கா தாங்குவாள், நீங்கள் தாங்க மாட்டீர்கள். குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் நிழல் என்றும் எங்கள் மேல் விழட்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் குழு முன்கூட்டியே வந்து போய்விட்டது. எங்கள் ஒரு வாளியையும், பக்கத்து எண்ணெய் வயலில் ஆறாகக் கொட்டுவதையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். இரண்டு வயலுமே பிரமாதமாம். என் முறையைப் பாராட்டி, தலைமை அலுவலகத்தில் உங்கள் நாற்காலியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்கு உங்களை அனுப்புகிறார்கள். குளியலறையில் காலைப் பார்த்து வையுங்கள், அத்தான்.