வேனில் இருபது பேர்

கோயமுத்தூரில் கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கும் என் தங்கச்சி மகன், மாப்பிள்ளை இளங்கோ அவர்களுக்கு, வாழவந்தி நாட்டு மாமன் மாதேஸ்வரன் சொல்லச் சொல்ல நர்ஸ் ஆரோக்கியமேரி எழுதும் கடுதாசி. இங்கே நானும் மிளகுக்கொடியும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் ஆபீசும் சௌக்கியமாக இருக்க அறப்பளீஸ்வரர் துணை.

நேத்து நடந்த அதிசயத்தைச் சொல்லாம இருக்க முடியலீங்க மாப்ள. நம்ம ஊரு ஆஸ்பத்திரியில கண் ஆப்பரேசன் கேம்ப்புக்குப் பேர் பதிஞ்சாங்க. நாமக்கல் போற வேனில் இருபது பேருக்குத்தான் இடம், பேர் பதிஞ்ச வரிசைப்படி. விட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சு. உங்க அத்தை பாவாயிக்கு ரெண்டு கண்ணிலும் புரை. போன வாரம் ஆட்டைப் பாத்து, "ஏனுங்க, சாப்புட்டீங்களா?"ன்னு கேட்டா. பேர் பதியறதுக்கு நீங்க அனுப்புன ப்ரோக்ராம்தான் ஓடுச்சு. இங்கே பதியற பேரு, மலையில மத்த எடமான குண்டனி நாடு, தேவனூர் நாட்டுலிருந்து போன் வழியா வார பேரு எல்லாம் ஒரே திரையில விழும், இதை எழுதற சிஸ்டர்தான் சத்தமாப் படிப்பாங்க. நாப்பத்தோரு பேரு ஆச்சு. அப்ப மூணு எடத்துக்காரங்களும் ஒரே நேரத்துல பேரைத் தள்ள, திரை வெளுத்துப் படக்குனு மூடிக்கிச்சு. கடைசியிலதான் சேமிக்கிற மாதிரி வெச்சிருந்தீங்களாமே, ஒரு பேரும் மிஞ்சலை. "நாந்தான் மொதல்ல"ன்னு பத்துப் பேரு கத்தறாங்க. டாக்டர் முருகானந்தம் தலையில கைய வெச்சுட்டாரு. நான் எந்திரிச்சேன். எழுத்துத் தெரியாதவனுக்குக் காதுதானுங்களே நோட்டு. சிஸ்டர் படிச்ச வரிசையில நாப்பத்தொண்ணையும் ஒப்பிச்சேன். உங்க அத்தை, "கல்யாணத்தன்னைக்குத் தாலிய மறந்துட்டு வந்த மனுசனுங்க இவரு, நம்பாதீங்க"ங்கிறா. டாக்டர், "அம்மா, இருபதாவது நீங்கதான், பேசாம ஏறுங்க"ன்னுட்டாரு.

அதுக்கப்புறம் நீங்க அங்கிருந்தே அதைச் சரி பண்ணீங்க பாருங்க! யாரும் தொடாம திரையில அம்பு ஓடுது. பக்கத்துக் காட்டுச் சின்னுசாமி செருப்பைக் கழட்டிட்டான். நீங்க போன்ல சொன்னது அப்படியே நெனப்பிருக்கு: "மாமா, திரையில எழுதறவன் ஒருத்தன்தான். பின்னாடி ஓடிப் பேரு கொண்டாரவங்க நேரா அதுல கை வெச்சதுதான் தப்பு. இனிமே அவங்கிட்டச் சொல்லிட்டு ஒதுங்கிக்குவாங்க. அவன் முறைப்படி ஒவ்வொண்ணா எழுதுவான்." நம்ம நோம்பியில மாலை கொண்டாரது நூறு பேரு, சாமி கழுத்துல போடறது பூசாரி ஒருத்தரு. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள ஒரு பூசாரியை உக்கார வெச்சுட்டீங்களே மாப்ள! மறுபடி மூணு எடத்துலிருந்தும் ஒண்ணாத் தள்ளிப் பாத்தாங்க. பஸ்ஸுல இருந்து சனம் எறங்கற மாதிரி ஒவ்வொரு பேரா வந்து நின்னுச்சு. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இனி எந்தக் கொம்பனும் வரிசையைக் கலைக்க முடியாது. நேர்மையின்னா அதுதானுங்க.

உங்க கை நோவு இல்லாம, கண்ணு மங்காம, நூறு வருசம் தட்டிக்கிட்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் மாதேஸ்வரன் (கைநாட்டு)

பின்குறிப்பு: சிஸ்டர் டீ குடிக்கப் போயிட்டாங்க. இது பஸ் கண்டக்டர் தனபால் கையெழுத்து, வெளிய சொல்ல மாட்டான். மாப்ள, இருபதாவது பேரு சின்னுசாமி. உங்க அத்தை இருபத்தொண்ணு. நாக்கு அந்த எடத்துல தானா மாத்திப் போட்டுருச்சு. அந்தப் பாவி எங்கையப் புடிச்சு, "உன்ற மாதிரி நெனப்பு யாருக்கு வரும்"னு கண்ணைத் தொடச்சுக்கிட்டான். அடுத்த கேம்ப்புக்கு அவன் பேரு மொதல்ல வார மாதிரி உள்ள ஏதாச்சும் பண்ணிருங்க, அந்தப் பூசாரிக்கும் தெரியாம. பதில் சீக்கிரம் வேணுங்க. உங்க அத்தை நாளான்னைக்குக் கண்ணு தெரிஞ்சு வாரா. என்ற மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவா.