முதுகில் ஒரு டிக்

"கை சில்லுன்னு இருக்கு சாராள்."

"ஆடாம படுங்க. ஓரம் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குப் போடணும்னு டாக்டர் சொன்னாங்க."

அசரியா குப்புறப் படுத்திருந்தார். தலைமாட்டில் மனைவி சாராளின் குரல். முதுகின் நடுவே, தன் கை எட்டாத இடத்தில் இருந்த அரிப்புப் படையின் மேல், கையுறை போட்ட விரல் வட்டமாகச் சுற்றியது. கடைசியில் 'முடிந்தது' என்பதுபோல் ஒரு சின்ன டிக். பத்து நாளாக அதுதான் வழக்கம்.

"படை மறைஞ்சாலும் ரெண்டு வாரம் போடணும். பாதியில நிறுத்தினா திரும்ப வரும்" என்றாள் சாராள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மருந்து அதோடு நின்றது. இரண்டு மாதத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படை திரும்பி வந்தது. இரும்புலியூர் வீட்டில் மகன் ஜோஷ்வாவும் மருமகள் ஜாஸ்மினும் இருந்தார்கள். கேட்டால் தடவிவிடுவார்கள். ஆனால் சாராளின் விரல் கடைசியாகப் பட்ட இடத்தில் இன்னொரு விரல் படக்கூடாது என்று அவர் தீர்மானித்திருந்தார். அதை வெளியே சொல்ல முடியுமா? வீட்டில் யாரிடமும் படையைப் பற்றியே மூச்சு விடவில்லை.

முதலில் ஸ்கேல். பள்ளி ஆசிரியையான ஜாஸ்மின் மேஜையில் வைத்திருந்த நீளமான ஸ்கேலின் நுனியில் களிம்பைத் தடவி, முதுகுப் பக்கம் விட்டார். களிம்பு பனியனில் பட்டது, கட்டிலில் பட்டது, படையில் மட்டும் படவில்லை.

"மாமா, நோட்டுல மார்ஜின் போட்டா எல்லாம் வழவழங்குது. ஸ்கேல்ல இட்லிக்கு எண்ணெய் தடவினீங்களா?" என்றாள் ஜாஸ்மின்.

"வெயில் காலம்மா. பிளாஸ்டிக் உருகும்."

களிம்பு தீர்ந்ததும் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் போனார்.

"சீட்டு இருக்கா சார்?"

"இல்ல. படைக்கு ஒன்னு குடுங்க."

"இதப் போடுங்க. ரெண்டே நாள்ல அடங்கிடும்."

வீட்டுக்கு வந்து கதவு நிலையில் மருந்தைப் பூசி, அதில் முதுகைத் தேய்த்தார். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிட்டது. கடைக்காரர் மேல் பெரிய மரியாதை வந்தது. மூன்றாவது வாரம் படை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தது.

"அப்பா, நிலைல பெயின்ட் வழுக்குதே. எருமை ஏதாச்சும் உள்ள வந்துச்சா?" என்றான் ஜோஷ்வா.

"கேட்டை ஒழுங்கா மூடுடா" என்றார் அசரியா.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், படப்பையிலிருந்து வரும் நண்பர் லாசரஸ், அவர் முதுகைச் சொறிவதைப் பார்த்து, ஒரு பாதி அட்டை மாத்திரையை நீட்டினார். "எனக்கு மிச்சமானது மச்சான். பூஞ்சைக்கு இதான் ராஜா."

விரலே தேவைப்படாத வைத்தியம். அசரியா நன்றியோடு விழுங்கினார். ஒரு வாரத்தில் தொடையும் கெண்டைக்காலும் கல்லாக இறுகி வலித்தன. ஸ்டேஷன் மேம்பாலத்தின் பாதியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அவர் போனிலிருந்து ஜாஸ்மினைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஸ்நேகாவுக்கு வயது முப்பது இருக்கும். "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க சார்?"

"கொழுப்புக்கு ஒன்னு. அது பழசு, ஏழு வருஷமா இருக்கு. அதை எதுக்குச் சொல்லணும்?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும். ரெண்டும் சேர்ந்தா தசையைப் பாதிக்கும். லிவரையும் பாக்கணும், ரத்தம் எடுத்துடலாம். அடுத்தவங்க மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க." பிறகு கடைக்காரர் கொடுத்த டியூபைத் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பு அடங்கும், பூஞ்சை நல்லா வளரும். மாத்திரை வேணுமான்னு ரிசல்ட் வந்ததும் நான் சொல்றேன். அதுவரைக்கும் இந்தக் களிம்பு மட்டும், ரெண்டு வேளை. துண்டு தனியா வெச்சுக்கணும். வீட்ல யார் போட்டுவிடுவாங்க?"

அசரியா காலண்டரைப் பார்த்தார்.

"நான் போடறேன் டாக்டர்" என்றாள் ஜாஸ்மின்.

மறுநாள் காலை. குளித்து, முதுகை ஈரம் போகத் துடைத்து, குப்புறப் படுத்தார். தலைமாட்டு நாற்காலி காலியாக இருந்தது. மன்னிச்சுக்கோ சாராள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கையுறை போட்ட விரல் வட்டமாகச் சுற்றியது.

"சில்லுன்னு இருக்கு" என்றார், தன்னை அறியாமல்.

ஓரம் தாண்டி ஒரு விரல் அகலம். பிறகு, முதுகின் நடுவே, சின்னதாக ஒரு டிக்.

அசரியா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

ஜாஸ்மின் கையுறையைக் கழற்றினாள். "அப்பவும் தினம் என்கிட்ட இதையேதான் சொன்னீங்க மாமா. அத்தைக்கு விரல் மடங்கல, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு தலைமாட்டுல உக்காந்து பேச்சு மட்டும் அவங்க குடுத்தாங்க."