உவர்மண் பையும் வெள்ளிக்கிழமை ஜீப்பும்

எருக்கம்பூண்டி கிராமம்,
உத்திரமேரூர் வழி, செங்கல்பட்டு ஜில்லா.
மார்கழி மாதம், புதன்கிழமை.

சர்க்கார் உத்தியோகமும் சகல சௌபாக்கியமும் ஒருசேர வாய்க்கப்பெற்ற என் அக்காள் மகன் சிரஞ்சீவி லோகநாதனுக்கு, ஏரைப் பிடித்தால் பூமாதேவி நெளிவாள், ஏற்றம் இறைத்தால் வருண பகவான் வெட்கப்படுவான் என்று சாலவாக்கம் முதல் மாகறல் வரை பேசப்படுகிற (பேசிவிட்டு வந்ததும் நான்தான்) உன் தாய்மாமன் வரதன் எழுதுவது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதை எழுத எத்தனை தரம் மையில் தோய்த்தாலும் நிப்பு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஆகையால் உன் நலத்தை மட்டும் விசாரிக்கிறேன். நீ பட்டணத்தில் அதே மண் பரிசோதனை ஆபீசில், அதே நாற்காலியில், அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாற்காலியை விட்டு நீ எழுந்தாயானால் உன் மாமன் ஜெயிலில் உட்கார வேண்டியிருக்கும்.

விஷயம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. நம் வட்டாரத்துக்கு உழவு யோசனை சொல்லும் கிராம சேவக்காக வந்திருக்கிற ஞானதாஸ் என்கிற பிள்ளை, ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளில் ஒரு கட்டுத் துணிப்பையோடு வந்து சேர்ந்தான். பஞ்சாயத்து ரேடியோவில் குடியானவர் நிகழ்ச்சி கேட்க ஊரே கூடியிருந்த நேரம். ரேடியோவும் அன்றைக்கென்று “மண்ணைப் பரிசோதித்து உரமிடுங்கள்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது வாயை மூடியதும் இவன் வாயைத் திறந்தான். “ஐயா, உங்க உங்க நெலத்துல ஏர் ஓடுற ஆழத்துக்கு நாலஞ்சு எடத்துல வெட்டி, மண்ண எடுத்துக் கலந்து, கல்லு வேரு பொறுக்கிட்டு, ஒரு பிடி இந்தப் பையில கட்டிக் குடுத்துடுங்க. பட்டணத்துக்கு அனுப்பினா, எந்த உரம் குறைச்சலா கீதுன்னு சொல்லிடுவாங்க.” சொல்லிவிட்டு ஆளுக்கொரு பையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறந்துவிட்டான். அவன் சைக்கிள் மறைந்ததுதான் தாமதம், நம் பஞ்சாயத்துத் தலைவர் பச்சமுத்து அந்தப் பையை செத்த எலியைப்போல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“ஏம்பா, மண்ணு இன்னாத்துக்குக் கேக்கறான்னு எவனுக்காவது வெளங்குதா? நல்ல மண்ணுன்னு தெரிஞ்சா தீர்வைய ஏத்துவான். ரொம்ப நல்ல மண்ணுன்னு தெரிஞ்சா நெலத்தையே புடுங்கிக்குவான். உச்சவரம்பு சட்டம்னு அன்னைக்கு ரேடியோல கத்திக்கினு இருந்தானே, அது வேற இது வேறன்னு நெனச்சீங்களா?”

மாப்பிள்ளை, எனக்கு இருப்பது ஒன்றரைக் காணி, இரண்டு ஏக்கர்கூடத் தேறாது. உச்சவரம்புச் சட்டம் என்னைத் தேடி வருவதானால் கையில் பூதக்கண்ணாடியோடுதான் வரவேண்டும். ஆனாலும் பயம் என்பது காணிக்கணக்குப் பார்த்தா வருகிறது? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஒன்றரைக் காணியின் மண்ணோ, வாயில் போட்டால் வெல்லம். காலை வைத்தால் கால் முளைக்கும். அதை அப்படியே பட்டணத்துக்கு அனுப்பினால், மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மந்திரிமார்களே மண்வெட்டியோடு கிளம்பிவிட மாட்டார்களா?

ஆகவே மகா தந்திரசாலியான உன் மாமன் ஒரு முடிவுக்கு வந்தேன். மறுநாள் உச்சி வெயில். ஊரில் நாய்கூட நிழலை விட்டு வெளியே வராத நேரமாகப் பார்த்து, பையைத் தலைப்பாகைக்குள் சுருட்டிக்கொண்டு, ஏரிக்கரைக்குக் கீழே நம் செங்கேணி துணி வெளுக்கிற துறைக்குப் போனேன். அங்கேதான் வெள்ளாவிக்கு எடுக்கிற உவர்மண் பூத்துக் கிடக்கும். அதில் புல்லும் முளைக்காது, முளைத்தாலும் வெளுத்துப் போகும். அந்த மண்ணில் ஒரு பிடி அனுப்பினால் ‘ஐயோ பாவம், இந்த ஏழைக் குடியானவன்’ என்று சர்க்கார் கண்ணீர் விட்டுத் தீர்வையைக் குறைக்கும் என்பது என் ராஜதந்திரம். குனிந்து ஒரு பிடி அள்ளினேன் பார், அங்கே கட்டியிருந்த அவன் கழுதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலைப்பாகை எழுந்தது. பச்சமுத்து!

“இன்னா வரதா, இந்த வெயில்ல இங்க?”

“ஒண்ணும் இல்ல தலைவரே. கழுதைக்கு உடம்பு சரியில்லன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க?”

“நானும் அத்தத்தான் பாக்க வந்தேன்” என்றார். பிறகு இரண்டு பேரும் கழுதையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று தீர்மானம் செய்துகொண்டு, ஆளுக்கொரு வழியாக வீட்டுக்குப் போனோம். அவர் இடுப்பில் மடி புடைத்திருந்தது. என் தலைப்பாகையும் கொஞ்சம் கனமாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு பேர்தான் புத்திசாலிகள் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரம் செங்கேணி சாவடிக்கு வந்து கத்தினான். “துணி வெளுக்க மண்ணே இல்லபா! தொறையில பள்ளம் பள்ளமா தோண்டி வச்சிகீறாங்க. எந்தப் படுபாவி வாரிக்கினு போனானோ தெரியல. இனிமே உங்க வேட்டிய எல்லாம் நீங்களே கடிச்சித் துப்பி வெளுத்துக்குங்க!” ஊரில் ஒருத்தன்கூட அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் ரேடியோவையே பார்த்தோம். அது அப்போது பாடக்கூட இல்லை.

அதற்கப்புறம் ஞானதாஸ் வந்து பைகளை வாங்கிக்கொண்டு போனான், மழை வந்தது, ஏரி நிரம்பியது, நாற்று விட்டோம், நட்டோம், மண் விஷயத்தை அடியோடு மறந்தோம். இந்த வருஷம் வாடன் சம்பா எப்படி வந்திருக்கிறது என்று எழுதினால் நீ வழக்கம்போல் மாமன் அளக்கிறான் என்பாய். ஆகையால் அடக்கமாகவே சொல்கிறேன். பயிருக்குள் போன நம் செவலை மாடு வெளியே வர வழி தெரியாமல் இரண்டு நாள் உள்ளேயே குடித்தனம் பண்ணியது. கதிரில் குருவி உட்கார்ந்தால், குருவியின் பாரம் தாங்காமல் கதிர் சாய்வதில்லை, கதிரின் பாரம் தாங்காமல் குருவிதான் கீழே விழுகிறது. இப்போது பால் பிடித்திருக்கிறது. ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகக் கசிகிறது. அதைப் பார்த்துவிட்டு உன் அத்தை மங்கம்மா தினமும் வரப்பில் நின்று பயிரிடம் பேசிவிட்டு வருகிறாள். என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

இந்த நிலையில் போன திங்கட்கிழமை ஞானதாஸ் வந்தான் பார், மாப்பிள்ளை. எமதர்மன் எருமையில் வருவான் என்கிறார்களே, தப்பு. சைக்கிளில் வருகிறான். ஆடியில் அனுப்பிய மண்ணுக்கு மார்கழியில் பதில் வந்திருக்கிறதாம். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அதைப் பிடித்துக்கொண்டே அழுகிற குரலில் சொன்னான்.

“ஐயா, உங்க ஊரு மொத்தமும் ஒரே களர் நெலமாம். இந்த மாதிரி ஒரே சீரா கெட்டுப்போன கிராமத்த இலாகாவே இதுவரைக்கும் பாத்தது இல்லியாம். நெல்லு மொளைக்கவே மொளைக்காதாம். அதனால நெலத்த எல்லாம் இலாகா எடுத்துக்கினு, களர் நீக்குற பண்ணை வைக்கிறதா யோசன பண்றாங்களாம். வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் ஜீப்ல பாக்க வராரு.” இப்படிச் சொல்லிவிட்டு, ஏரிக்குக் கீழே பச்சைப் பசேலென்று அடிவானம் வரை நின்ற பயிரைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். “ஐயா, அது இன்னாது?” என்றான்.

 பச்சமுத்து மெதுவாக, “புல்லு” என்றார்.

  யோசித்துப் பார். ஆபீசர் வந்து பயிரைப் பார்த்தால், ‘சர்க்காரை ஏமாற்றி வேறு மண்ணைக் கொடுத்தாயா’ என்று விலங்கு மாட்டுவான். பயிரைப் பார்க்காவிட்டால், களர் என்று நிலத்தை எடுத்துக்கொள்வான். இரண்டு பக்கமும் கிணறு, நடுவில் உன் மாமன். ரோட்டில் லாரி சத்தம் கேட்டால்கூட இப்போதெல்லாம் நான் நெல் கொட்டிவைக்கிற குதிருக்குள் இறங்கிவிடுகிறேன். உன் அத்தை சோற்றை அங்கேயே எட்டிப் போடுகிறாள்.

நேற்று ஊர்க்கூட்டம். பச்சமுத்துவின் யோசனை என்னவென்று கேள். “நெல்லு நின்னாதானே நாம பொய்யி சொன்னோம்னு ஆவும்? வெள்ளிக்கிழமைக்குள்ள அத்தினியும் அறுத்து மாட்டுக்குப் போட்டுடுவோம். நெலம் போனா என்னைக்காவது திரும்பி வரும். ஜெயிலுக்குப் போன மானம் வருமா?” எல்லாரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். பக்கத்து வயல் பாண்டுரங்கன் அழுதேவிட்டான். ஆனால் விடிந்து பார்த்தால் ஒவ்வொருத்தனும் அரிவாளோடு தன் வரப்பில் நின்று அடுத்தவன் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யார் முதல் பிடியை அறுப்பது? வெயில் ஏறியும் ஒரு தாள்கூட விழவில்லை. கடைசியில் பச்சமுத்து என் தோளில் கையைப் போட்டார். “வரதா, உன் நெலம்தான் வண்டிப்பாதை ஓரமா கீது. ஜீப்புல வர்றவன் கண்ணுல மொதல்ல படறது அதான். நீ ஆரம்பி. நீ சிங்கம் மாரி ஆளு.” நான் சிங்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததன் பலனை இன்றுதான் அனுபவித்தேன்.

சிங்கம் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிற்று. அங்கே உன் அத்தை பயிருக்கு முன்னால் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இந்தாய்யா, பால் குடிக்கிற புள்ள மாரி நிக்கிது. அத்தப் போயி அறுக்க உனுக்குக் கை வருமா?”

“மங்கம்மா, ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்கடி.”

“அனுப்பட்டும். ஜெயில்ல களி போடுவாங்க. அறுத்துட்டா வூட்ல அதுவும் இல்ல. பொங்கலுக்குப் பானையில மண்ணையா போடுவேன்? உன் மண்ணு தந்திரந்தான் ஊரே பாத்துச்சே!”

  ஒரு மணியைப் பறித்து நசுக்கிப் பார்த்தேன். பால் விரலில் ஒட்டிக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அரிவாள் பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக்கும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், எனக்குத் தெரியும்.

ஆகையால் லோகநாதா, உன் காலில் விழவேண்டும், வயதில் பெரியவனாகப் போய்விட்டதால் கடிதத்தில் விழுகிறேன். அந்த மண் பைகள் உன் ஆபீசில்தான் இருக்கும். அவற்றை எடுத்துக் கூவத்தில் போடு. வேறு ஊர்ப் பைகள் மாறிவந்துவிட்டன என்று உன் ஆபீசரிடம் சொல். ஜீப்பில் பெட்ரோல் இல்லை என்று சொல். சக்கரம் இல்லை என்று சொல். எது சொன்னாலும் சரி, வெள்ளிக்கிழமை அது எருக்கம்பூண்டிக்கு வரக்கூடாது. பயிரை அறுக்காமல் வைத்திருக்கலாமா என்று உடனே தந்தி கொடு. நான் இங்கே இருந்தால் வீட்டுக்கு, இல்லாவிட்டால் குதிருக்கு.

என் அக்காள் கஸ்தூரிக்கு, தம்பி தைரியமாக இருக்கிறான் என்று ஒரு பொய் சொல்லிவை. உனக்கு ஏரி நிறைந்த தண்ணீர்போல் ஆயுளும், தூர்ந்துபோகாத மதகுபோல் சம்பளமும் வந்துகொண்டே இருக்க நானும் உன் அத்தையும் மனதார வாழ்த்துகிறோம். அவள் வயலில் இருந்தபடி வாழ்த்துகிறாள்.

இப்படிக்கு,
ஒன்றரைக் காணிக்கு இன்னும் சொந்தக்காரனான உன் மாமன்,
வரதன்.

பின்குறிப்பு, வியாழக்கிழமை: மேலே எழுதியதை எல்லாம் படிக்காதே. படித்துவிட்டாயானால் மறந்துவிடு. பைகளைக் கூவத்தில் போட்டுவிடாதே, அவற்றுக்குப் பூட்டுப் போட்டுக் காவல் காக்க ஆள் வை! ஜீப் ஒரு நாள் முன்னதாகவே, இன்று காலையே வந்துவிட்டது. ஓடக்கூட நேரமில்லை, கையில் அரிவாளோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஆபீசர் இறங்கினார். பயிரைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி பயிரைப் பார்த்தார். விலங்குக்காக இரண்டு கையையும் நானே நீட்டிவிட்டேன். அவர் இரண்டையும் பிடித்துக் குலுக்கி, “இந்தக் களர்ல இப்படி ஒரு விளைச்சலா? எப்படிய்யா சாதிச்சீங்க?” என்று கேட்டார். மாப்பிள்ளை, அந்த நேரத்தில் உண்மை என் தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் பழக்கமில்லாததால் திரும்பிப் போய்விட்டது. ஆடுதீண்டாப் பாளைத் தழை, புளித்த மோர், வேப்பம் புண்ணாக்கு, விடியலில் பயிருக்கு ஆறுதல் வார்த்தை என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தூரத்தில் நின்ற பச்சமுத்து ஓடிவந்து, “இத்த வரதனுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான் சார்” என்றார். இனி நிலத்தை எடுக்கும் யோசனை இல்லையாம். அதற்குப் பதிலாகப் பொங்கல் கழிந்ததும் என்னை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். கடலோரத்தில் உப்பு பூத்த நிலம் ஒன்று இருக்கிறதாம், அதில் நான் நெல் விளைவித்துக் காட்ட வேண்டுமாம். அது போகட்டும், அதற்குள் எனக்கு ஒரு நல்ல வியாதி வராமலா போகும்? இப்போது பயம் வேறொன்றுக்காக. கிளம்பும்போது ஆபீசர் தானே மண்வெட்டி கேட்டு வாங்கி, என் வயலில் நாலைந்து இடத்தில் வெட்டி, தன் கையாலேயே கலந்து, ஒரு பிடியைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். டிரைவரைக்கூடத் தொடவிடவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன்னால் அந்த நல்ல மண் உன் ஆபீசுக்கு வந்து, பழைய உவர்மண் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். இதை உன் அத்தையிடம் சொல்லித் தலையில் கையை வைத்துக்கொண்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அதெல்லாம் கெடக்கட்டும்யா. அறுப்பு வரைக்கும் பயிரு நிக்குமா, நிக்காதா?” நிற்கும் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுக் குதிருக்குள் இறங்கிவிட்டேன்.