இடைவேளைக்காரர் பிடித்து வைத்த கைக்கடிகாரம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலத்தில் எல்லோருடைய நேரமும் ஒரே ஒரு மனிதரின் கோபத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் அவரிடம் வாட்ச் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கப் போராடியிருக்க மாட்டார்கள்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ‘இடைவேளை’ என்றால் ஸ்டேஷன் வாசல் ரிக்‌ஷாக்காரர் நேராகக் கொண்டுபோய் விடுவார். மார்க்கெட் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் மூச்சு விட முடியாத இடத்தில் வாட்ச் ரிப்பேர் கடை. புதுப்படம் வந்தால் கடைக்கதவில் ஓர் அட்டை தொங்கும். ‘இடைவேளை.’ எப்போது வருவார் என்று அதில் இருக்காது. படத்தின் நீளம் தெரிந்தவர்கள் அதற்குத் தகுந்தபடி வருவார்கள்.

வலது கண்ணில் லென்ஸ், இடது கண்ணில் கோபம். இதுதான் அவர் முகம். திரையில் கதாநாயகி அழ ஆரம்பிக்கும்போது பின்னால் சுவர்க்கடிகாரம் பத்தேகால் காட்டி, கண்ணீரைத் துடைக்கும்போது ஒன்பது ஐம்பது காட்டினால் எழுந்து நின்று கத்துவார். “முட்டாப் பசங்களா, அவ அழுது முடிக்கறதுக்குள்ள நேத்திக்குப் போயிட்டீங்களேடா!” ஒருமுறை தியேட்டர்க்காரர்கள் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வெளியில் நின்றபடி, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சரியான மணியைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருவது அவருடைய சீட்டு முறை.

வாட்ச் தயாரானதும் தர மாட்டார். ஆளை மேலும் கீழும் லென்ஸ் வழியாகப் பார்ப்பார். ஒரு சீட்டில் ஒரு படத்தின் பெயர், தியேட்டர், எந்த வகுப்பு, எந்தப் பக்கம் ஃபேன் ஓடாது, யாரோடு போக வேண்டும் என்று எழுதித் தருவார். போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மூன்று கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால்தான் வாட்ச்.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பேங்க் அதிகாரி வருவார். “சார், உங்க பல்லு என்ன கலர்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லி அவருக்கு ஒரு காமெடிப் படம் எழுதினார். அதிகாரி போனார், சிரிக்காமல் திரும்பி வந்தார். அடுத்த சீட்டு. அதுவும் வேலைக்கு ஆகவில்லை. மூன்றாவது காமெடியில் சிரித்து வாட்சை மீட்பதற்குள் அவர் ரிட்டையரே ஆகிவிட்டார்.

கடைக்கு எதிரே கூடை வைத்திருந்த கீரைக்கார அக்கா ஒரு டைம்பீஸ் கொடுத்திருந்தது.

“யக்கா, நீ அழுது எத்தினி நாளாச்சு?”

“நான் இன்னாத்துக்குயா அழுவணும்? உன் மூஞ்சியப் பாத்தா?”

“அதான் பிரச்சனையே. எல்லாத்தயும் உள்ளயே வச்சிக்கினு வர்றவன் போறவன் மேல எரிஞ்சு விழற. இந்தா சீட்டு. போய் அழுதுட்டு வா.”

அக்கா போனது. திரும்பி வந்து தெருவே பார்க்கக் கத்தியது. “அட பாவி! முந்தானையே நனைஞ்சி பூட்ச்சியா!” கத்தி முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “இன்னொரு படம் சொல்லு” என்றது.

இப்படிப்பட்ட ஆளிடம் ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். அவர் கை பட்ட வாட்ச் பத்து வருஷத்துக்கு ஒரு நிமிஷம் பிசகாது. அதனால் போனோம். திட்டிக்கொண்டே போனோம்.

நானும் போனேன். எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம்.

கூடுவாஞ்சேரியில் நிலபுலனோடு இருந்த என் மாமனார் கல்யாணத்தில் ஒரு வாட்ச் போட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது. பந்தலில் நூறு பேர் முன்னால், “தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாது மாப்ள” என்று சொல்லித்தான் கையில் மாட்டினார். அவர் சொன்னதை நம்பி நான் அதைக் கட்டிக்கொண்டே குளித்தேன். நின்றுபோனது. அவர் சொன்னது பொய் என்று அவரிடமே எப்படிச் சொல்வது? மூத்த மாப்பிள்ளை அவர் கொடுத்த ரேடியோவை மழையில் நனைய விட்டதற்காக இரண்டு தீபாவளிக்கு ‘அந்தாளு’ என்றே அழைக்கப்பட்டவர். அந்தாளு நம்பர் டூ ஆக எனக்கு விருப்பமில்லை.

புதன்கிழமை வாட்சைக் கொண்டுபோனேன். இடைவேளை அதைத் திறந்தார், சாய்த்தார். தண்ணீர் சொட்டியது.

“இது வாட்சா, மீன் தொட்டியா?”

“அண்ணா, ஞாயித்துக்கிழமை மாமனார் வர்றார். வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார். எப்படியாவது...”

“வெள்ளிக்கிழமை வா.”

வெள்ளிக்கிழமை வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தேன். கையை நீட்டினேன். கையில் சீட்டு விழுந்தது.

“அண்ணா, சத்தியமா நேரமில்ல!”

“நேரமில்லாதவனுக்கு வாட்ச் எதுக்கு?” என்றார். பிறகு அந்த இடது கண்ணில் நான் பார்த்தேயிராத ஒரு பளபளப்பு வந்தது. “தம்பி, இது மத்த படம் மாதிரி இல்ல. சேலையூர் தாண்டி டென்ட் கொட்டாய்ல நாலு நாள் போட்டான். நாலு நாளும் போனேன். இப்ப பல்லாவரம் பக்கம் ஓடுது. ஹீரோ பாதிப் படத்துல செத்துப் போறான். அம்மாக்காரி கதறுறா. இன்டர்வெல். அதுக்கப்புறம்...” குரலைத் தாழ்த்தினார். “அதுக்கப்புறம் அவன் பாட்டுக்கு ரயில்லேருந்து எறங்கி வர்றான். எப்படி வந்தான், ஏன் வந்தான், ஒரு வார்த்த சொல்லல. அம்மாக்காரியும் கேக்கல. சோறு போடறா. எவனாவது எடுத்திருக்கானா இப்படி? எடுப்பானா?”

படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எடுத்தவரின் பிள்ளைகள் எங்காவது மானத்தோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்குத் தனியாகக் கிளம்பினேன். வாசற்படி இறங்கினால் எதிரே மாமனார். தலையில் துண்டு, தோளில் பலாப்பழம்.

“இன்னா மாப்ள, நாளிக்கி வர்லாம்னு பாத்தன். பழம் இன்னிக்கே பழுத்துக்கிச்சி.”

பலாப்பழத்தை நான் வெறுக்கத் தொடங்கியது அன்றுதான். உள்ளே ஓடினேன். முழுக்கைச் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டேன். மே மாதம். என் மனைவி வசந்தா, “எங்கப்பா கேட்டா நான் வாயத் திறந்து பொய் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாமனார் பார்வை என் கைப்பக்கம் நகர்ந்தது. “ஏன் மாப்ள, இந்த வெயில்ல...”

என் மூளை அந்த நிமிஷத்தில் செய்ததை நினைத்தால் இப்போதும் அதன் மேல் கோபம் வருகிறது. உலகத்தில் மணிக்கட்டு தெரியாத ஒரே இடம் இருட்டான தியேட்டர் என்று அதற்குத் தோன்றிவிட்டது.

“மாமா, சினிமாவுக்குப் போலாமா?”

குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரம் போய்ச் சேரும்வரை மின்சார ரயிலில் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். தியேட்டரில் விளக்கு அணைந்ததும்தான் உயிர் வந்தது. படம் ஓடியது. பையன் வளர்ந்தான், பட்டணம் போனான், ரயிலில் திரும்பி வந்தான், காதலித்தான், கல்யாணம் செய்தான். பாதியில் சாவான் என்றாரே, எப்போது சாவான் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

“மணி இன்னா மாப்ள?”

“இன்டர்வெல், மாமா.”

“அது தெரியிது. மணி இன்னா?”

“முறுக்கு வாங்கிட்டு வரேன் மாமா!” என்று ஓடினேன். திரும்ப விளக்கு அணையும்வரை கழிவறையில் நின்றேன். அங்கே என்னைப் போலவே சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவர், “உங்களுக்கும் மாமனாரா?” என்று கேட்டதாக நான் பிற்பாடு சொல்லித் திரிந்தது மட்டும் பொய்.

இரண்டாம் பாதியில் ஒரே கஷ்டம். கடைசியில் ஹீரோ செத்தான். அம்மா கதறினாள். ‘வணக்கம்.’ அவ்வளவுதான்.

மாமனார் வெளியே வந்தார். முகம் தக்காளி. “ஏன் மாப்ள, ஊருக்கு வந்த மனுசன இட்டாந்து பொணத்தக் காட்றியா? அந்தம்மா கதறுது, அம்போன்னு உட்டுட்டு வணக்கம் போட்றான்! எவன் சொன்னான் இந்தப் படத்த?”

“தாம்பரத்துல ஒரு வாட்ச் கடைக்காரர், மாமா” என்று உளறிவிட்டேன். உளறிய பிறகுதான் என்ன உளறினேன் என்று புரிந்தது.

“ஆளக் காட்டு!”

வழியெல்லாம் கெஞ்சினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். இனி எதுவும் செய்வதற்கில்லை.

கடை திறந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் இடைவேளை முதல் கேள்வியைப் போட்டார். “ஹீரோ செத்ததுக்கப்புறம் ரயில்லேருந்து எறங்கறானே, கையில என்ன வச்சிருந்தான்?”

“செத்ததுக்கப்புறம் எப்படிண்ணா எறங்குவான்?”

லென்ஸ் கண்ணிலிருந்து தெறித்து விழுந்தது. “படம் பாக்கல! என்னையே ஏமாத்தறியா?”

“யோவ்!” என்று மாமனார் குறுக்கே வந்தார். “நானும்தான்யா பாத்தேன். ரயிலு மொதல்லயே வந்துச்சி. அம்மாவுக்குப் பொடவப் பொட்டலம் வச்சிகினு எறங்கனான். கடசீல செத்தான். செத்தவன் செத்தவன்தான்!”

“பொட்டலம் சரி. ஆனா செத்த பின்னாடி!”

“முன்னாடி!”

“பின்னாடியா!”

தெரு கூடிவிட்டது. அப்போதுதான் கீரைக்கார அக்கா கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தது.

“அட, ஏன் ரெண்டு பேரும் பேஜார் பண்றீங்கோ? கொட்டாய்ல ஆபரேட்டரு பிலிம் பொட்டிய மாத்திப் பூட்டான்யா. கடசிப் பொட்டிய இன்டர்வெல்லுக்கு முன்ன ஓட்டிட்டான், ரயிலு வர்ற பொட்டிய அப்பால ஓட்டினான். மொத நாளு தெர்ல. செத்தவன் திரும்பி வந்தான்னு சனங்க அப்டி விசிலட்சிது. செரி, இதே நல்லா கீதேன்னு நாலு நாளும் அப்டியே ஓட்டினான். ஊருக்கே தெரியும்.”

“ஏன்யா, நடுவுல ‘வணக்கம்’னு போட்டிருப்பானே, அப்பவாச்சும் உனக்குத் தெரிய வேணாம்?” என்றார் மாமனார்.

“மரியாத தெரிஞ்ச டைரக்டருன்னு நெனச்சேன்” என்றார் இடைவேளை.

யாரோ சிரித்தார்கள். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கீழே கிடந்த லென்ஸை எடுத்துத் துடைத்தார். பிறகு மாமனாரிடம் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அந்தம்மாவுக்கு... புள்ள திரும்பி வரவே இல்லியா?”

மாமனார் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். “இல்லய்யா” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இடைவேளை மேஜை இழுப்பறையைத் திறந்து என் வாட்சை எடுத்து நீட்டினார். மீதி இரண்டு கேள்வியையும் கேட்கவில்லை. நானும் மறந்துபோய்க் கையை நீட்டிவிட்டேன்.

“ஏய்! இது நான் போட்ட வாட்ச்சாச்சே! இது எப்டி இங்க வந்துச்சி?”

முழுக்கைச் சட்டைக்குள் ஆறாக வியர்த்தது. ‘அந்தாளு, அந்தாளு’ என்று காதுக்குள் மணி அடித்தது.

“ஏன் சார் கத்தறீங்க?” என்று பாய்ந்தார் இடைவேளை. பழைய கோபம் திரும்பி வந்திருந்தது. “நல்ல வாட்ச்சுக்கு வருஷா வருஷம் எண்ணெய் போடணும். இந்தத் தாம்பரத்துல எவனுக்குத் தெரியும் அது? உங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. பொண்ணு நல்ல எடத்துல இருக்குதுன்னு சந்தோஷப்படாம தொண்டையக் காட்றீங்க!”

மூன்று நாள் முன்பு அதிலிருந்து தண்ணீரைச் சாய்த்து ஊற்றிய அதே மனிதர். சுவர்க்கடிகாரம் இருபத்தைந்து நிமிஷம் பொய் சொன்னதற்காக ஒரு தியேட்டரையே சபித்தவர்.

மாமனார் என் முதுகில் தட்டினார். “அதுக்கா மாப்ள மத்தியானத்துலேருந்து கைய ஒளிச்சிக்கினு கீற? சொல்லப்படாதா?”

மறுநாள் இடைவேளை டென்ட் கொட்டகை ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போனார். மாற்றி ஓட்டியதற்குத்தான் என்று நினைத்தோம். இல்லை. “பல்லாவரத்துக்காரனுக்கும் போய்ச் சொல்லிக் குடுக்கறதுக்கென்னடா? சரியா ஓட்டி நல்ல படத்தக் கெடுத்து வச்சிருக்கான்!” என்றாராம்.

அதற்குப் பிறகு என் மாமனார் கூடுவாஞ்சேரியிலிருந்து வரும்போதெல்லாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்கு வருமுன் மார்க்கெட் தெருவுக்குப் போவார். சீட்டு வாங்குவார், படம் பார்ப்பார், திரும்பிப் போய்ச் சண்டை போடுவார். மகளைப் பார்க்க வருகிறார் என்று வசந்தா நம்பிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளில் எல்லார் கைக்கும் பேட்டரி வாட்ச் வந்தது. வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. டென்ட் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்தது. அவர் மட்டும் மாறாமல் படிக்கு அடியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த எங்கள் வீட்டு டைம்பீஸைத் திரும்ப வாங்கப் போனேன். கதவில் ‘இடைவேளை’ அட்டை. அடுத்த நாளும் இருந்தது. அடுத்த வாரமும்.

“தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தாராம்யா” என்றது கீரைக்கார அக்கா. “அங்கியே...” அதற்கு மேல் சொல்லாமல் கீரைக்கட்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கியது. இந்தத் தடவை அழுவதற்கு அக்காவுக்குச் சீட்டு தேவைப்படவில்லை.

எனக்கு வந்தது கோபம்தான். ஒரு சீட்டுகூட எழுதி வைக்காமல், டைம்பீஸை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, இதென்ன மனுஷன்?

என் மணிக்கட்டில் அந்த வாட்ச் இன்றும் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடுகிறது. தாம்பரத்தில் ரயில் வந்து நின்று கூட்டம் இறங்கும்போது நான் கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்ப்பேன். இங்கேயும் எவனோ கடைசிப் பிலிம் பெட்டியை முன்னாலேயே ஓட்டிவிட்டான், அவ்வளவுதான். இறங்குவார். எங்கள் டைம்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டே இறங்குவார். எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.