காசிமாயன் குடிகாரனான விதம்

கப்பலூர் தாண்டியதும் காசிமாயன் பிரேக்கை அழுத்தினான். பஸ் குலுங்கி நின்றது. முன்சீட்டுக் கிழவியின் தக்காளிக் கூடை கவிழ்ந்து பழங்கள் எஞ்சின் வரைக்கும் உருண்டன.

"என்னண்ணே குறுக்க வந்துச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டான் கண்டக்டர் மொக்கைச்சாமி.

"காக்கா."

மொக்கைச்சாமி முன்னால் வந்து கண்ணாடி வழியே பார்த்தான். சாலை திருமங்கலம் வரைக்கும் காலியாகக் கிடந்தது. வானத்திலும் ஒன்றுமில்லை.

"காக்காய்க்கெல்லாமாண்ணே வண்டிய நிப்பாட்டுவாக? அது டிக்கெட்டா எடுக்கப் போகுது?"

பஸ் சிரித்தது. காசிமாயன் சிரிக்கவில்லை. காக்கை இன்னும் அவனுடைய இடது கண்ணுக்குள்தான் இருந்தது. வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் போனது. பார்வையை நிறுத்தினால் கொஞ்சம் ஆடிவிட்டு மெல்லக் கீழே இறங்கியது.

மூன்று மாதமாக இந்தத் தொல்லை. முதலில் ஒரு கொசு வந்தது. பிறகு ஒரு நூல். ஒருவரிடமும் அவன் சொல்லவில்லை. வேறு கம்பெனியில் ஓட்டிய விருமாண்டிக்குக் கண்ணில் புரை என்று டாக்டர் சொன்ன மறுநாளே வேலை போனது. அவன் இப்போது, தான் ஓட்டிய அதே பஸ்ஸில் ஏறி வெள்ளரிக்காய் விற்கிறான். காசிமாயனுக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழக்கமில்லை.

திருமங்கலத்தில் செக்கர் ஆண்டிச்சாமி ஏறினார். தக்காளிக் கிழவி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முன்னால் வந்தபோது காசிமாயன் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டிருந்தான்.

"யாரைப்பா கூப்பிடுற?"

"ஈண்ணே."

"எங்கன இருக்கு ஈ? அந்தம்மா காக்காங்குது, நீ ஈங்கிற. நாளைக்கு ஆனை வருமா? உண்மையச் சொல்லு. உனக்கு என்ன?"

காசிமாயன் யோசித்தான். கம்பெனியில் குடிக்கிற டிரைவர்கள் நான்கு பேரை அவனுக்குத் தெரியும். நான்கு பேரும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கண் கெட்ட டிரைவர் என்று ஒருவன்கூட இல்லை.

"நேத்து கொஞ்சம் ஓவராயிருச்சுண்ணே" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் சாராயத்தைத் தொட்டதில்லை.

ஆண்டிச்சாமியின் முகம் தெளிந்தது. "அட, அம்புட்டுதானா? நான்கூடக் கண்ணுல கோளாறோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி, நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

செய்தி பஸ்ஸுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி அன்னக்கொடி வாசலிலேயே நின்றாள்.

"பதினாறு வருசமா என்கிட்ட மறச்சுட்டீகளே!"

அவளிடம் உண்மையைச் சொல்லலாம். ஆனால் அன்னக்கொடியிடம் சொன்னது விடிவதற்குள் குழாயடிக்குப் போய்விடும். குழாயடியில் மொக்கைச்சாமியின் மனைவியும் உண்டு. காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அரிசிப் பானையைத் துழாவினாள். பரண் மேல் ஏறிப் பார்த்தாள். பாட்டில் கிடைக்கவில்லை.

"என்னா சாமர்த்தியம்! ஒரு பாட்டிலு சிக்குதா பாரு" என்று அழுதாள்.

வெளிச்சத்தில்தான் பூச்சிகள் அதிகம் தெரிந்தன. அதனால் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். பூச்சிகள் கொஞ்சம் மங்கின. மறுநாள் பேரையூரில் ஏற வந்தவர்கள் படிக்கட்டிலேயே நின்றார்கள்.

"டிரைவருக்குக் கண்ணு நோவு போல. ஒட்டிக்கிரும், ஏறாதீக."

"நோவெல்லாம் இல்லத்தா" என்று அவர்களைச் சமாதானப்படுத்தினான் மொக்கைச்சாமி. "ஏத்திக்கிட்டதுல கண்ணு செவந்திருக்கும். அதை மறைக்க மாட்டியிருக்காரு. பயப்படாம ஏறுங்க."

ஏறினார்கள்.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். காசிமாயனை வேலைக்கு எடுத்தது அவருடைய அப்பா. அவர் இறந்து, மகன் பொறுப்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் காசிமாயன் அவரிடம் வணக்கத்தைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை.

"அப்பா காலத்து ஆளுன்னு ஒரே ஒரு தடவை பாக்குறேன்" என்றார் முதலாளி. "கருப்பசாமி கோயில்ல சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிட்டு வாங்க. அப்புறம் ஸ்டியரிங்கத் தொடுங்க."

காசிமாயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடிக்காதவன் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வதில் என்ன கஷ்டம்? அரிவாளுக்கு முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் செய்தான். பூசாரி மலையாண்டி வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டினார்.

"இது கையில கெடக்கையில ஒரு சொட்டு உள்ள போனாலும் அய்யா சும்மா விடமாட்டாரு. பாத்துக்க."

"போகாது சாமி."

"கட்டுறப்ப எல்லாப் பயலும் இம்புட்டுத் தெளிவாத்தான் இருக்காய்ங்க" என்றார் மலையாண்டி.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. அன்னக்கொடி கறிக்குழம்பு வைத்தாள். மொக்கைச்சாமி டீ வாங்கிக் கொடுத்தான். காசிமாயன் செய்யாத குற்றத்திலிருந்து திருந்திய மனிதனாக மரியாதையோடு வண்டி ஓட்டினான்.

பதினோராம் நாள், கல்லுப்பட்டி இன்னும் இரண்டு மைல் இருக்கையில், இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது.

"மழை வரும் போலயே" என்றான்.

மொக்கைச்சாமி வெளியே எட்டிப் பார்த்தான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

மறுபடியும் மின்னியது. அடுப்புக்கரியை அள்ளி ஊதிவிட்டதுபோல் கண்ணுக்குள் நூறு பூச்சிகள் இறங்கின. காசிமாயன் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கினான். எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தான். உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். இனி ஓட்டக்கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"முடியலடா."

மொக்கைச்சாமி அவன் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான். இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"அடப்பாவி மனுசா! கயிறோடயா?"

யாரும் இறங்கச் சொல்லவில்லை. அறுபது பேரும் தாங்களாகவே இறங்கினார்கள். குடிகாரன் ஓட்டிய பஸ்ஸில் அவர்கள் பலமுறை போயிருக்கிறார்கள். கருப்பன் கண் வைத்த பஸ்ஸில் யார் உட்காருவது? மூட்டை முடிச்சோடு கல்லுப்பட்டிக்கு நடந்தார்கள்.

செய்தியைக் கேட்டதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மனுசன ஏமாத்தியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். சாமிய ஏமாத்துன ஆளு எனக்கு வேண்டாம்."

"மொதலாளி, என் கண்ணு..."

"கண்ணுக்கு என்ன?"

விருமாண்டியின் வெள்ளரிக்காய்த் தட்டு காசிமாயனின் நினைவுக்கு வந்தது. குடிகாரனை இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளும். குருடனை?

"ஒண்ணுமில்ல மொதலாளி" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புப் படுதா தொங்கியது. மத்தியானத்துக்குள் பாதிக் கண்ணை மூடியது. இனி மறைத்துப் பயனில்லை. அன்னக்கொடியைக் கூப்பிட்டுச் சொன்னான்.

அவள் வாயில் அடித்துக்கொண்டாள். "கருப்பன் கண்ணப் புடுங்கிட்டானே!"

"நான் குடிக்கலடி. மூணு மாசமா கண்ணுல பூச்சி பறந்துச்சு. வேலை போயிருமேன்னு பொய் சொன்னேன்."

"கண்ணு போயும் உங்களுக்குப் பொய் போகலையே" என்று சொல்லி, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

மலையாண்டி பூசாரி முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"குடிக்கலங்கிறியா?"

"சத்தியமா குடிக்கல சாமி."

"சத்தியம் ஏற்கெனவே ஒண்ணு பண்ணியாச்சு" என்றார் பூசாரி. "எட்டு நாள் ஒருவேளைச் சோறு. தெனமும் திருநீறு. அய்யா எரங்குனா பார்வை வரும்."

எட்டு நாளும் காசிமாயன் ஒருவேளைதான் சாப்பிட்டான். எட்டாம் நாள் படுதா கண் முழுவதையும் மூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் அன்னக்கொடி அவனை மதுரைக்குக் கூட்டிப்போனாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கண்ணுக்குள் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"பூச்சி எப்பருந்து பறக்குது?"

"நாலு மாசம் இருக்கும்."

"ஒண்ணு ரெண்டு பூச்சி நெறையப் பேருக்குப் பறக்கும். அப்பவே வந்திருந்தா, சோதிச்சுட்டு, ஒண்ணுமில்ல, போய் வண்டிய ஓட்டுங்கன்னு அனுப்பியிருக்கலாம். மின்னல் என்னைக்கு அடிச்சது?"

"பதினோரு நாளாச்சு."

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். "திடீர்னு கூட்டமா பூச்சி வந்து மின்னலும் அடிச்சா அன்னைக்கே ஓடி வரணும். உள்ள விழித்திரை கிழியுதுன்னு அர்த்தம். படுதா மறைச்சா ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்கக் கூடாது. நீங்க இத்தனை நாளு எங்க இருந்தீங்க?"

காசிமாயன் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துக்கொண்டான்.

"ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது." காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்: "குடிப்பழக்கம் உண்டா?"

"உண்டும்மா" என்றாள் அன்னக்கொடி.

அன்னக்கொடி ஆபரேஷனுக்குச் சீட்டுப் போடப் போனாள். காசிமாயன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தான்.

"டிரைவரா தம்பி?"

"ஆமாண்ணே. பேரு மருது. பேரையூர் லைன்ல ஓட்டுறேன். முன்னாடி ஓட்டுனவன் ஏதோ குடிகாரனாம், தொரத்திட்டாக. நான் சேந்து ஒரு வாரம் ஆகுது."

காசிமாயன் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "கண்ணுக்கு என்ன?"

"கொசு மாதிரி ஒண்ணு பறக்குதுண்ணே. நேத்து மொதலாளிகிட்டச் சொன்னேன். இன்னைக்கு அவரு கார்லயே கொண்டாந்து விட்டுட்டாரு."

"சொன்னியா? வேலை போயிருமேன்னு பயமா இல்ல?"

மருது கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "எதுக்குண்ணே பயம்? கண்ணு போனா டைம் ஆபீஸ்ல நாற்காலி போட்டு அதே சம்பளம் தருவேன், குடிச்சா மட்டுந்தான் வெளியேன்னு வேலைக்குச் சேக்கையிலயே சொல்லிட்டாரே."