சேவலுக்கு ஒரு ரத்தக்கட்டு

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் எல்ல நகரச் சந்தியில் நிற்கும் ஆட்டோக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெரகல, பசறை, கொஸ்லந்தை என்று நாலா திசையிலிருந்தும் கர்ப்பிணிகள் வந்து இறங்குவார்கள். கூடவே ஒரு மாமியார், ஒரு தேங்காய், ஒரு சேவல். எல்லாரும் போவது மேமலைத் தோட்டத்துக்கு. ஒருநாள் எல்லயில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றும் போனது. அவர்களுக்குப் பிரசவமில்லை. படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். மறுவாரம் தோட்டத்து வாசல் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: "வெளிநாட்டு பக்தர்களும் நாடி வரும் தலம்."

தலத்தின் அதிபதி கட்டுச்சாமி. பூர்வாசிரமப் பெயர் வீரசிங்கம். ஆறு வருடத்துக்கு முன் பெரகல சந்தியில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார். யாருக்கும் பரிசு விழவில்லை. விழாததற்குச் சீட்டு வாங்கியவரின் நேரம்தான் காரணம் என்று அப்போதே விளக்கம் வைத்திருந்தார். சாமியாவதற்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்? வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக்காம்பரா பூட்டிக்கிடந்தது. முனியாண்டி கனவில் வந்து அந்த இடத்தைக் கேட்டதாகச் சொல்லிப் பூட்டை உடைத்தார். முனியாண்டியிடம் யார் காணி உறுதிப்பத்திரம் கேட்பது?

சரக்கு ஒன்றுதான். ரத்தக்கட்டு. ஏழு முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு. ஏழாம் மாதத்தில் இடுப்பில் கட்டினால், பிள்ளை பிறந்தபின் ஒரு சொட்டு ரத்தம் வீணாய்ப் போகாதாம். நிபந்தனையும் ஒன்றுதான். வீடு திரும்பியதிலிருந்து பிள்ளை பெற்றுப் பதினாறு நாள் ஆகும்வரை அவரவர் தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கட்டு அறுந்துபோகும்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சாமி ஒருநாளும் சொன்னதில்லை. சட்டம் தெரிந்தவர். "எங்க பெத்துக்கிறதுங்கிறது உங்க இஷ்டம். கல்லை மட்டும் தாண்டிறாதீங்க" என்பார். பதுளை ஆஸ்பத்திரி எழுந்து நடந்து வந்தால் அவருக்கு ஆட்சேபணையே இல்லை.

அவரிடம் கட்டிக்கொண்ட எவளும் தோட்டத்துக்குள் செத்ததில்லை. இது சத்தியமான பேச்சு. ரத்தம் நிற்காதவளைக் கடைசி நேரத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஏற்றுவார்கள். அவள் வழியில் சாவாள். அதாவது எல்லைக்கு வெளியே. "நான் அப்பவே சொல்லலையா?" என்று சாமி கண்ணைத் துடைத்துக்கொள்வார். கூட்டம் தலையாட்டும். ஒவ்வொரு சாவுக்கும் அடுத்த வெள்ளி கூட்டம் கொஞ்சம் கூடும்.

மேமலையிலேயே இருந்த நிமலனின் மனைவி யசோதினி அப்படித்தான் செத்தாள். எட்டு மாதமாகிறது. லொறி பதுளை வழியில் தெமோதரையைத் தாண்டியபோது மூச்சு நின்றது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

நிமலன் கல்வியியற் கல்லூரியில் படித்தவன். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். எட்டாம் தரத்துக்கு இரத்தச் சுற்றோட்டத்தைக் கற்பித்துவிட்டு வந்த அன்று பின்னேரம்தான் மனைவிக்குக் கயிறு கட்டினார்கள். பக்கத்தில் சாம்பிராணித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். மாமியாரின் மனம் நோகக்கூடாதாம். ரெண்டு வருடம் விடுதியில் கிடந்து படித்த படிப்பு அன்றைக்குத் தட்டைப் பிடிக்கத்தான் உதவியது.

அதன்பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை. சோறு போட்டால் தின்றான். காலையில் தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு அடித்தால் எழுந்தான். குழந்தையைத் தந்தால் வாங்கினான், கேட்டால் கொடுத்தான்.

இப்போது யசோதினியின் தங்கை ஜெயந்தினிக்கு மாதம் ஒன்பது. மூன்றாவது பிள்ளை. உடம்பில் ரத்தம் குறைவு. புருஷன் நிஷாந்துக்குக் கொழும்பில் கடைவேலை. "அம்மா சொல்றபடி செய்" என்று தொலைபேசியில் சொல்லி அவன் கடமையை முடித்துவிட்டான். ஜெயந்தினியின் அம்மா மாரியாயி என்ன சொன்னாள்? மூத்தவளுக்குக் கட்டு அறுந்தது எல்லை தாண்டியதால். ஆகவே இளையவளுக்கு இரட்டைக் கட்டு. ஒரு கயிறு கொன்றால் ரெண்டு கயிறு காப்பாற்றும். கணக்கு வாய்ப்பாடே தலைகீழாகிப்போன வீடு.

புதன்கிழமை சஜீவனி மிஸ் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தாள். அந்தப் பகுதிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல மாது. மழையில் மேடு ஏறி வந்த சேறு காலில் காயவில்லை.

"அடுத்த கிழமை பதுளையில போய்ப் படுக்கணும், ஜெயந்தினி. ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதியாச்சு."

"அவ எங்கயும் வரமாட்டா மிஸ்" என்றாள் மாரியாயி. "மூத்தவளைத் தாண்ட வச்சுக் கொன்னது போதாதா?"

"அம்மா, புள்ள பொறந்த பின்னாடி கருப்பை சுருங்கணும். சுருங்கலைன்னா பைப்பைத் தொறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். ஊசி போடணும். ரத்தம் ஏத்தணும். வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்னா செய்றது?"

"சாமி கட்டியிருக்காரு."

"சாமி ரத்தம் ஏத்துவாரா?"

"ஏத்த வேண்டாம்னுதானே கட்டியிருக்காரு!"

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

ஜெயந்தினி கதவோரம் நின்ற நிமலனைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தான், நீங்க என்னா சொல்றீங்க?"

அவன் வாசலைப் பார்த்தான்.

"அக்காவுக்கும் இப்படித்தான் நின்னீங்க" என்றாள் அவள். "எனக்குப் பயமா இருக்கு அத்தான். நான் போயிட்டா ரெண்டு புள்ளையோட அக்கா புள்ளையும் நடுத்தெருவுலதான். அம்மாவை மீறிப் போக எனக்குத் தைரியம் கிடையாது. யாராவது ஒரு ஆள் அம்மாகிட்ட எதையாச்சும் சொல்லக்கூடாதா?"

மாரியாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நிமலன் சந்தைக்குப் போய் ஒரு சேவல் வாங்கி வந்தான்.

"மாப்ளைக்கு இப்பதான் புத்தி வந்துச்சு" என்று மாரியாயி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். காரணம் இருந்தது. வெள்ளி தோறும் காணிக்கைச் சேவலை முனியாண்டிக்கு முன்னால் பூசாரி இராசையா அறுப்பார். ரத்தம் முனியாண்டிக்கு. கறி கட்டுச்சாமிக்கு. கடவுளும் அடியாரும் இவ்வளவு ஒற்றுமையாகப் பங்கிட்டுக்கொள்வதை வேறு தலங்களில் காண்பது அரிது.

வெள்ளி வந்தது. பிள்ளைக்காம்பராவின் முற்றம் நிறைந்து தேயிலைச் செடிகளுக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள். சாமி காவி வேட்டியோடு படியில் ஏறி நின்றார்.

"போன கிழமை பூனாகலைப் பக்கம் ஒரு பசு. கன்னு போட்டு ரத்தம் நிக்கல. டாக்டரு கைவிட்டுட்டாரு. நான் கட்டினேன். நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு சாமி!" என்றது கூட்டம். பூனாகலைக்குப் போய்ப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. பசுவும் வந்திருக்கவில்லை.

"மனுசனோ மிருகமோ, ரத்தம் ஓடுற எந்த உடம்பும் என் கட்டுக்கு அடங்கும்!"

ஜெயந்தினியின் முறை வந்தது. பிரசவத்துக்கு முன் முடிச்சு இறுக்கும் பூசை. மாரியாயி மகளை முன்னே தள்ளினாள். பின்னாலேயே நிமலன் சேவலோடு வந்தான்.

"சாமி, ஒரு சின்ன வேண்டுதல்" என்றான். எட்டு மாதத்தில் வகுப்புக்கு வெளியே அவன் நாலு பேர் முன் பேசிய முதல் பேச்சு. "இந்தச் சேவலுக்கும் ஒரு கட்டுக் கட்டணும்."

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்தார். "என்னா வாத்தியாரே, சேவல் முழுகாம இருக்கா?"

சிரிப்பு அலைமோதி ஓயும்வரை நிமலன் காத்திருந்தான். வகுப்பில் நின்று பழகியவன்.

"ரத்தம் ஓடுற எந்த உடம்பும்னு சொன்னீங்க. சேவலுக்கு ஆகாதுங்களா?"

"ஆகாதா? சேவலென்ன, சிறுத்தையைப் புடிச்சிக்கிட்டு வா, கட்டுறேன்!"

கைதட்டல் விழுந்தது. கைதட்டலுக்கு மயங்காத சாமி இன்னும் பிறக்கவில்லை. கட்டுச்சாமி கயிற்றை எடுத்தார். மந்திரம் சொன்னார். ஏழு முடிச்சும் போட்டுச் சேவலின் காலில் கட்டினார். வேடிக்கைக்காக விபூதியும் பூசிவிட்டார்.

"கட்டுச் சரியா விழுந்துருச்சுங்களா?"

"சந்தேகமா?"

"தீட்டு கீட்டு ஒண்ணும் இல்லையே?"

"என் கையால கட்டினதுல என்னா தீட்டு?"

"நாம எல்லைக்கு உள்ளதானே நிக்கிறோம்?"

"நடுத் தோட்டத்துல நிக்கிற வாத்தியாரே! கல்லு அரை மைலுக்கு அங்கிட்டு இருக்கு."

"அப்ப சரிங்க." நிமலன் திரும்பினான். "பூசாரி ஐயா, அறுங்க."

இராசையாவுக்கு அது பழகிய வேலை. கேள்வி கேட்கிற வழக்கமில்லை. ஒரு கையால் கழுத்தைப் பிடித்தார். மறு கை கத்தியை ஓங்கியது.

"நில்லு! நில்லுடா!" சாமி படியிலிருந்து குதித்தார்.

"ஏன் சாமி?" என்றான் நிமலன். "கட்டு இருக்கே. ஒரு சொட்டும் போகாதே. எல்லாரும் பாக்கட்டும்."

"விளையாடுறியா?"

"நான் நம்புறேன் சாமி. நீங்க நம்பலையா? அறுங்க ஐயா."

"அறுக்காதே!" சாமியின் குரல் கீச்சிட்டது. "கூறுகெட்டவனே! கழுத்தை அறுத்தா ரத்தம் வராம பாலா வரும்?"

இராசையாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. சேவல் ஒரு கண்ணால் சாமியைப் பார்த்தது. கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி சுதாரித்துக்கொண்டார். "என் கட்டு பிரசவ ரத்தத்துக்கு! மத்த ரத்தத்துக்கு இல்ல!"

"அது வேற ரத்தமா சாமி? எங்க பாடப் புத்தகத்துல ஒண்ணுதான் போட்டிருக்கு."

"படிச்ச திமிரு! உன் பொண்டாட்டி எல்லை தாண்டினா, செத்தா. அதுக்கு நான் பொறுப்பா?"

பதில் நிமலனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"தாண்டுறதுக்கு முன்னாடியே பாய் நனைஞ்சிருச்சு."

மாரியாயி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"என்னா சொல்றீங்க பாட்டி?" என்றார் சாமி.

"லொறி வர ரெண்டு மணித்தியாலம் ஆச்சு. அதுக்குள்ள பாய் நனைஞ்சு, சாக்கு நனைஞ்சு, மண்ணுல எறங்கிருச்சு. எங்க லயத்துக்குள்ள. உன் கயிறு அவ இடுப்புலதான் கெடந்துச்சு. நான்தானே கழுவிவிட்டேன்." அவள் சாமியை நிமிர்ந்து பார்த்தாள். "கழுவிவிட்டுட்டு, உன் பேச்சைக் கேட்டுக்கிட்டு எல்லை தாண்டினதாலன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். எங் கண்ணை விட உன் வாய் பெருசாப் போச்சு."

கண்டதை விட்டுக் கேட்டதை நம்புவது அந்த ஒருத்தியின் குற்றமா என்ன? அங்கே நின்ற ஒவ்வொருவரின் வீட்டிலும் யாரோ ஒருத்தி ஒரு பாயைக் கழுவியிருந்தாள். கழுவியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் சாமி பிள்ளைக்காம்பராவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெயந்தினி பூசாரியிடம் கத்தியை வாங்கினாள். ரவிக்கைக்குக் கீழே விட்டு ரெண்டு கயிற்றையும் அறுத்துப் போட்டாள். "அத்தான், ஸாஹிர் அண்ணனோட ஆட்டோவைக் கூப்பிடுங்க."

"அடுத்த கிழமைதானே வரச்சொன்னாங்க?"

"இன்னைக்கே போறேன். அம்மாவுக்கு மனசு மாறிறப் போகுது."

நாலைந்து பெண்கள் தங்கள் கயிறுகளையும் கழற்றினார்கள். இன்னும் சிலர் கழற்றவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். சேவல் காலில் கட்டோடு தேயிலைக்குள் ஓடி மறைந்தது. மேமலையில் ரத்தக்கட்டினால் உயிர் பிழைத்தது அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் காலையில் ஜெயந்தினிக்குப் பதுளையில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுத சற்று நேரத்தில் ரத்தம் கொட்டத் தொடங்கியது. அக்காவுக்குக் கொட்டியதைப் போலவே. யாரும் மந்திரம் சொல்லவில்லை. ஒரு தாதி அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தாள். ஒருத்தி ஊசி போட்டாள். டாக்டர் ஓடி வந்தார். ரெண்டு பை ரத்தம் ஏறியது. மதியம் அவள் கண் திறந்து, பிள்ளை பால் குடித்ததா என்று கேட்டாள்.

மறுநாள் பார்வை நேரத்தில் மாரியாயி கட்டிலருகே நின்றாள். கொக்கியில் ஒரு வெறும் பை இன்னும் தொங்கியது.

"யாரு ரத்தம் மாப்ள அது?"

"யாரோ குடுத்தது, அத்தை."

"எந்த ஊரு? நம்ம ஆளுங்களா?"

"பேரு போட மாட்டாங்க. சிங்களவங்களா இருக்கும், முஸ்லிமா இருக்கும். யாருக்குத் தெரியும்?"

"காணிக்கை என்னா?"

"ஒண்ணுமில்ல. குடுத்தவங்களுக்கு ஒரு தேத்தண்ணியும் பிஸ்கட்டும் குடுத்து அனுப்புவாங்க."

மாரியாயி வெகுநேரம் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எங்கிட்ட எடுப்பாங்களா?"

"உங்களுக்கு வயசு கூடிருச்சு. நான் குடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு நிமலன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினான். ஏனோ அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கட்டுச்சாமி இப்போது மேமலையில் இல்லை. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சீனி வியாதிக்குக் கயிறு கட்டுகிறாராம். நல்ல கூட்டமாம். விருப்பமுள்ளவர்கள் போகலாம், பஸ் வசதி இருக்கிறது. ஒன்றை மட்டும் யோசித்துவிட்டுப் போங்கள். தன் கண்ணால் கண்டதைத் தான் நம்புவதற்கு மாரியாயி ஒரு மகளைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் எத்தனை மகள்கள் இருக்கிறார்கள்?