மார்கேசாவின் ஓடும் சமையல் சுண்ணாம்பும்

ஹலாப்பா,
தூறல் விடாத செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய அக்கா எர்மெலிந்தாவுக்கு, தம்பி கிரிசோஃபொரோ வணக்கத்துடன் எழுதுவது. உன் முறிந்த இடுப்பெலும்பு கூடி வருவதாக உன் மகள் நோர்மா சொன்னாள், கடவுளுக்கு நன்றி. நான் சுகம். குழப்பம் வராதிருக்க, எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. உன் நத்தை மார்கேசாவுக்கு வந்த நோய்.
2. அதற்குச் செலவில்லாத மருந்துகள்.
3. பக்கத்து வீட்டுத் தெக்லா அம்மா செய்த தவறு.
4. நத்தையின் இப்போதைய நிலை.
5. நீ புவெப்லாவில் நோர்மாவுடனேயே தங்கிவிடுவது நல்லது என்பது.

நீ நோர்மா வீட்டுக்குப் போன கொஞ்ச நாளிலேயே மார்கேசாவின் ஓட்டு உச்சி வெளுத்து, செல்லரித்தது போலக் குழிகள் விழுந்தன. முதலில் என் கண்ணாடியைத்தான் சந்தேகித்தேன், துடைத்துப் பார்த்தேன், குழிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன, மீன் கடைக்காரரிடம் ஓடினேன். “நம்ம ஊருத் தண்ணி மலையிலேருந்து இறங்குற மழைத்தண்ணி வாத்தியாரே, அதுல கால்சியமே கிடையாது. ஓட்டைக் கொஞ்சங்கொஞ்சமா கரைச்சிரும்” என்று ஒரு சீமை மருந்துப் புட்டியை நீட்டினார். விலையைப் பார்த்தேன். புட்டியை மெதுவாக அவரது அலமாரியிலேயே வைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். உன் எலும்பு வைத்தியரும் உன்னிடம் கால்சியம் இல்லை என்றுதானே சொன்னார்? ஒரே குழாய்த் தண்ணீரில் வாழ்ந்த மூவரில் இருவருக்குக் கரைந்துவிட்டது. மூன்றாமவனுக்குள் எது கரைகிறதோ, யார் கண்டது.

வீட்டில் இருந்த சாக்குக்கட்டியை முதலில் போட்டேன். அது பச்சை நிறக் கட்டி என்பதைத் தண்ணீர் பச்சையான பிறகே கவனித்தேன். அடுத்தது முட்டை ஓடு. கொதிக்கவைத்து, உள்தோலை உரித்து, தோர்த்தியா ரொட்டி சுடும் கல்லில் காயவைத்து, அம்மியில் பொடித்து, உன் பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன். ஓடு வேண்டுமென்றால் முட்டையும் தின்றாக வேண்டும், மூன்று வேளையும் தின்றேன், இப்போது தெருக்கோழிகளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. சந்தையில் பறவைக்காரியிடம் கணவாய் மீன் ஓடு மலிவாகக் கிடைத்தது, அது மிதந்தது, கல்லைக் கட்டி அமிழ்த்தினேன்.

இதெல்லாம் காதில் விழுந்து தெக்லா அம்மா வந்துவிட்டார். “என்ன வாத்தியாரே, ஒரு நத்தைக்கு மருந்து தேடி ஊரையே சுத்துறீங்களாம்! சோளம் வேகவைக்கிற சுண்ணாம்பு எங்க வீட்ல மூட்டை மூட்டையா கிடக்கு. அதத் தின்னுதான் இந்த வயசுலயும் எனக்குப் பல்லு ஒண்ணுகூட ஆடல.”

“அது சோளத்தோட தோலையே உரிக்கிற சரக்காச்சேம்மா...”

“தோர்த்தியாவுக்கு ஆகுறது நத்தைக்கு ஆகாதா? மார்கேசான்னு பேரு வெச்சா உடனே சீமாட்டி ஆயிருமா?”

நான் மரியாதையாக மறுத்து முடிப்பதற்குள் ஒரு கைப்பிடி விழுந்துவிட்டது. தண்ணீர் பாலாகிவிட்டது. நத்தையை அள்ளி வாளியில் போட்டு, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி அதை விட்டேன். மறுநாள் காலை அது தண்ணீரைவிட்டு மேலேறி மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. தண்ணீர்மேல் அதற்கு நம்பிக்கை போய்விட்டதென்று புரிந்துகொண்டேன். வாழ்நாளில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, “இனிமே உங்க தோர்த்தியா எனக்கு வேண்டாம்!” என்று தெக்லா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அப்போது சந்தைக்குப் போயிருந்தார்.

இப்போது ஓட்டின் விளிம்பில் புதிதாக ஒரு பட்டை, குழியே இல்லாமல், வழுவழுவென்று வளர்ந்திருக்கிறது. பழைய குழிகள் ஆறாதாம், மீன் கடைக்காரர் சொன்னார். இனி வளர்வது உறுதியாக வளருமாம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றுகிறது.

கடைசி விஷயம். “மாமா, அம்மா இனிமே இங்கயே இருக்கட்டுமா? நீங்க என்ன சொல்றீங்க?” என்று நோர்மா போனில் கேட்டாள். “நல்ல யோசனைதாம்மா” என்றேன். அங்கே ஏற மாடிப்படி இல்லை, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே ஜோடியை இழந்த ஒரே ஒரு நத்தை, அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. சமையலும் பழகிவிட்டது.

தினமும் பால் குடி. நடை உறுதிப்படட்டும், பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு வளரட்டும்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
கிரிசோஃபொரோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் தொட்டி மூடியைத் துடைக்கத் தூக்கினேன். அடியில் இளஞ்சிவப்பாக, மிட்டாய்க் கொத்துப்போல என்னவோ ஒட்டியிருந்தது. கடைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார்: “அது பயந்து ஏறல வாத்தியாரே, முட்டை போட ஏறிருக்கு! செத்துப்போன ஜோடி நத்தையோட வாரிசுங்க, ஆணோட விதை மாசக்கணக்கா உள்ளயே தங்கும். பொரிஞ்சா நூத்துக்கணக்குல வரும், அத்தனைக்கும் ஓடு வேணும்.” உடனே தெக்லா அம்மா வீட்டுக்குப் போய், சுண்ணாம்புக்குப் பயந்துதான் நத்தை ஏறியதென்று நான் நினைத்தது தவறு என்றேன். “சுண்ணாம்புப் பேச்சத் தள்ளி வைங்க, முதல்ல தோர்த்தியாவச் சாப்பிடுங்க, மூஞ்சி முட்டையாட்டம் வெளுத்துக் கிடக்கு” என்றார். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து இந்த முட்டைச் செய்தியைச் சொல்ல வாயைத் திறந்தேன், கேட்க யாருமில்லை. மூன்றாவது விஷயத்தைத் தெக்லா அம்மாவிடமே திருத்திக்கொண்டேன். ஐந்தாவதை உன்னிடம்தான் திருத்த வேண்டும். அது தவறு, அக்கா.